மாமாவின் நாற்பது கேட்லாக்குகள்: ஸ்கேன் செய்யும் முன்

கேள்வி இது: "என் தாய்மாமா ரேடியோ ரிப்பேர் பட்டறை நடத்தியவர். அவர் விட்டுப்போன பெட்டிகளில் 1950களிலிருந்து 1980கள் வரையிலான எலக்ட்ரானிக்ஸ் கடை கேட்லாக்குகள் நாற்பது இருக்கின்றன. நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து இவற்றை ஸ்கேன் செய்து எல்லோருக்கும் கிடைக்கும்படி வைக்க ஆசைப்படுகிறோம். எந்த அளவில் ஸ்கேன் செய்வது? முதுகை வெட்டலாமா? பதிப்புரிமைச் சிக்கல் வருமா? வேலையை எப்படிப் பிரித்துக்கொள்வது? மாமா பல பக்கங்களில் பென்சிலால் டிக் போட்டிருக்கிறார், சில விலைகளைத் திருத்தியிருக்கிறார். அதையெல்லாம் அழித்துவிட்டு ஸ்கேன் செய்யலாமா?"

கடைசிக் கேள்விக்கு மட்டும் முதலில் ஒரு வார்த்தை: ரப்பரைக் கையில் எடுக்காதீர்கள். காரணம் பிறகு.

ஸ்கேனர், மென்பொருள் எல்லாம் பேசுவதற்கு முன், இந்தக் கேட்லாக்கை நாளைக்கு யார் திறக்கப்போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கேட்லாக்கை யாரும் நாவல் மாதிரி முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. ஒருவர் கருகிப்போன டிரான்ஸ்ஃபார்மரைக் கையில் வைத்துக்கொண்டு வருவார். அதன் மேல் தயாரிப்பாளர் பெயர் இருக்காது. கடை போட்ட ஒரு எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணுக்கு எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்பது அந்த வருடக் கேட்லாக்கில் ஏதோ ஒரு மூலையில், பொடி எழுத்தில், ஒரே ஒரு வரியாக இருக்கும். அவருக்கு வேண்டியது அந்த வரி.

பெரிய கடைகள் பலவும் யாரோ செய்த பொருளைத் தம் பெயரிலும் தம் எண்ணிலும் விற்றன. அமெரிக்காவின் ரேடியோ ஷாக் உதிரிபாகங்களுக்கு ஆர்ச்சர், ஆடியோ சாதனங்களுக்கு ரியலிஸ்டிக், அளவுக் கருவிகளுக்கு மைக்ரோன்டா என்று பெயர் வைத்திருந்தது. அதன் எண்களில் 271 என்று தொடங்கினால் ரெசிஸ்டர், 272 என்றால் கெப்பாசிட்டர், 276 என்றால் டிரான்சிஸ்டர், ஐசி என்ற சிப் வகை. 276-1723 என்றால் நாம் எல்லோரும் ஒருமுறையாவது சுட்டுப் பொசுக்கிய அதே 555 டைமர் சிப். இந்த எண்களுக்கான அகராதி அந்தக் கடையின் கேட்லாக்தான். வேறு எந்தத் தரவுத்தாளிலும் அது இருக்காது.

விலைக்காகத் தேடி வருகிறவர்களும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் செய்த சிவப்பு எல்இடி ஒன்றின் விலை 260 டாலர். ஆமாம், ஒன்றே ஒன்றுக்கு. அது அல்லைட் ரேடியோ என்ற அமெரிக்கக் கடையின் கேட்லாக் வழியாக விற்பனைக்கு வந்தது. 1953இல் ரேதியான் பொழுதுபோக்குக்காரர்களுக்கு விற்ற சிகே722 டிரான்சிஸ்டர் ஏழரை டாலருக்கு மேல் தொடங்கி, சில வருடங்களிலேயே ஒரு டாலருக்குக் கீழே இறங்கியது. ஒரு பொருள் ஆய்வுக்கூடத்தை விட்டு மாணவர்களின் மேசைக்கு எப்போது வந்தது என்பதை இப்படி வருடம் வருடமாக விலையை அடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஏழு வருடக் கேட்லாக் இருந்து, நடுவில் ஒன்றில் 3 என்பது 8 ஆகிவிட்டால் அந்தக் கோடே பொய் சொல்லும்.

அதனால் என் கட்சி இதுதான்: கேட்லாக் விஷயத்தில் தொலைந்த பக்கத்தைவிடத் தவறிய எண் மோசமானது. தொலைந்த பக்கம் தொலைந்தது என்று தெரியும். தவறிய எண் நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். கீழே சொல்லப்போகிற எல்லாமே இதிலிருந்து வருகிறது. அட்டை பளபளப்பாக இருக்கிறதா, பக்கம் வெள்ளை வெளேரென்று இருக்கிறதா என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

முதல் வேலை, நாற்பதில் எவை ஏற்கெனவே இணையத்தில் இருக்கின்றன என்று பார்ப்பது. ரேடியோ ஷாக் 1921இல் பாஸ்டனில் தொடங்கிய கடை. அதன் கேட்லாக்குகளை 1939 முதல் 2000களின் தொடக்கம் வரை ஆர்வலர்கள் கிட்டத்தட்ட முழுமையாகவே ஸ்கேன் செய்துவிட்டார்கள். அல்லைட், லஃபாயெட், ஹீத்கிட் போன்ற அமெரிக்க நிறுவனங்களின் கேட்லாக்குகளும் நிறையக் கிடைக்கின்றன. 2018இல் மூடிய பிரிட்டனின் மேப்ளின், 2016இல் கடைகளை மூடிய ஆஸ்திரேலியாவின் டிக் ஸ்மித் எலக்ட்ரானிக்ஸ் இரண்டுக்கும் பாசக்காரர்கள் இருக்கிறார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் ஒரு மாலை நேரம் செலவழித்தால் உங்கள் பட்டியலில் பாதியை ஓரமாக எடுத்து வைத்துவிடலாம்.

மீதிப் பாதிதான் உங்கள் வேலை. சிறிய கடைகளின் கேட்லாக், நடுவில் வந்த விலைத் திருத்தத் தாள், ராணுவ உபரிப் பொருள் விற்றவர்களின் சைக்ளோஸ்டைல் பட்டியல், ஆங்கிலமல்லாத மொழிகளில் வந்தவை. இவற்றைப் பெரிய ஆளாக நினைத்து யாரும் பாதுகாத்திருக்க மாட்டார்கள். எட்டுப் பக்க விலைத்தாள் ஒன்று நானூறு பக்கக் கேட்லாக்கைவிட அரிதாக இருக்கலாம். ஆனால் ஒன்று, ஏற்கெனவே இருக்கும் ஸ்கேனைத் திறந்து, பக்கத்தைப் பெரிதாக்கி, பொடி எழுத்தில் இருக்கும் விலையைப் படித்துப் பாருங்கள். படிக்க முடியவில்லை என்றால் அந்தக் கேட்லாக் இன்னும் ஸ்கேன் ஆகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து, இருபது வருடங்களுக்கு முன் செய்தவற்றில் அப்படிப் பல உண்டு.

சரி, எந்த அளவு? 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 பிக்சல், முழு வண்ணம். "300 போதுமே" என்று ஐவரில் ஒருவர் நிச்சயம் சொல்வார். அவருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். கேட்லாக்கின் பொடி எழுத்து, அச்சுக்காரர்கள் கணக்கில், 6 புள்ளி (பாயிண்ட்) அளவு. ஒரு அங்குலத்தில் 72 புள்ளி. ஆகவே அந்த எழுத்தின் மொத்த உயரம் அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 300 டிபிஐயில் அது 25 பிக்சல். மேலும் கீழும் நீட்டல் இல்லாத சிறிய எழுத்தின் உடம்பு அதில் பாதிக்கும் குறைவு, சுமார் 12 பிக்சல். டெசராக்ட் மாதிரியான எழுத்துணரிகள், அதாவது படத்திலிருக்கும் எழுத்தைப் படித்து உரையாக்கும் மென்பொருள்கள், பத்துப் பிக்சலுக்குக் கீழே போனால் கையை விரித்துவிடும். 12 என்பது மேட்டின் விளிம்பு. 600இல் எடுத்தால் அதே எழுத்துக்கு 24 பிக்சல் கிடைக்கும்.

படங்களுக்கும் இதே காரணம்தான், வேறு வடிவில். அச்சில் வரும் சாம்பல் நிறம் உண்மையான சாம்பல் அல்ல, பொடிப்பொடியான மைப்புள்ளிகள். நாளிதழ்த் தாளில் அங்குலத்துக்கு 85 வரி போல, வழவழப்பான தாளில் 133, 150 வரி வரை இருக்கும். ஸ்கேனர் எடுக்கும் புள்ளிகளும் அச்சின் புள்ளிகளும் நெருங்கி வந்தால் இரண்டும் மோதிக்கொண்டு படத்தின் மேல் பட்டுப்புடவையில் நீர் பட்ட மாதிரி அலை அலையாக ஒரு கோலம் வரும். 600இல் எடுத்துவிட்டு, படிக்கக் கொடுக்கும் பிரதியை மட்டும் பிறகு சிறிதாக்கினால் அந்தக் கோலம் பெரும்பாலும் வராது. ஸ்கேனரிலேயே இருக்கும் 'புள்ளி நீக்கு' வசதியை அணைத்துவிடுங்கள். அது படத்தோடு சேர்த்து எழுத்தையும் மழுக்கும்.

இடம் எவ்வளவு வேண்டும் என்றால், ஏ4 அளவுப் பக்கம் 600 டிபிஐ வண்ணத்தில் மூன்றரைக் கோடி பிக்சல், சுருக்காமல் வைத்தால் ஏறத்தாழ 104 எம்பி. இருநூறு பக்கக் கேட்லாக் 21 ஜிபி. தரம் இழக்காத சுருக்கத்தோடு டிஃப் அல்லது பிஎன்ஜி வகைப் படக்கோப்பாக வைத்தால் இதில் கணிசமாகக் குறையும். இன்றைய வன்தட்டு விலையில் இது ஒரு பிரச்சினையே இல்லை. திரும்ப உட்கார்ந்து ஸ்கேன் செய்யும் சனிக்கிழமைகள்தான் விலை அதிகம்.

சாம்பல் நிறத்தில் எடுத்தால் இடம் மூன்றில் ஒரு பங்காகுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. என் முதல் கேட்லாக்கை, "எல்லாம் கறுப்பு வெள்ளைதானே" என்று இரட்டை நிறத்தில், அதாவது சாம்பல்கூட இல்லாமல், எடுத்தேன். அழகாக, சிறிய கோப்பாக வந்தது. தாள் நொறுங்கிக்கொண்டிருந்ததால் மூலத்தையும் தூக்கிப் போட்டுவிட்டேன். ஒரு வருடம் கழித்து ஒருவர் கேட்டார், "நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ரெசிஸ்டர் வண்ணக் குறியீட்டு அட்டவணை இருக்கிறதே, அதில் எது பழுப்பு, எது சிவப்பு?" பார்த்தால் பத்துப் பட்டைகளில் ஆறு ஒரே கறுப்பு, நான்கு ஒரே வெள்ளை. வண்ண அட்டவணையைக் கறுப்பு வெள்ளையில் பாதுகாத்த பெருமை எனக்கு உண்டு. அன்றிலிருந்து அட்டை முதல் ஆர்டர் படிவம் வரை எல்லாப் பக்கமும் வண்ணம்தான். மஞ்சளேறிய தாள் மஞ்சளாகவே இருக்கட்டும்.

தாள் மெல்லியதாக இருந்தால் பின்பக்க அச்சு முன்னால் தெரியும். பக்கத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்து எடுங்கள். பாதித் தொல்லை போய்விடும். பலரும் மென்பொருளில் மணிக்கணக்காகப் போராடுவதை இந்த ஒற்றைத் தாள் செய்துவிடும்.

அடுத்தது சுருக்கம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் வொர்க்சென்டர் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தார். மூலத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஸ்கேனில் மூன்று அறையிலும் 14.13 என்றே இருந்தது. மங்கலாக அல்ல, பளிச்சென்று, அதே எழுத்துருவில். காரணம் ஜேபிக்2 என்ற சுருக்க முறை. அது பக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும் சிறு துண்டுகளைக் கண்டுபிடித்து, ஒன்றை மட்டும் சேமித்துவிட்டு, மற்ற இடங்களில் அதையே ஒட்டிவிடும். சிறிய எழுத்தில் 6உம் 8உம் அதற்கு ஒன்றுபோலத் தெரிந்தால், 6 இருந்த இடத்தில் 8ஐ ஒட்டிவிட்டுப் போய்விடும். எழுத்துணரி செய்யும் தவறு இல்லை இது. படமே மாறிவிடுகிறது.

பக்கம் முழுக்க எண்ணாக இருக்கும் கேட்லாக்குக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. ஜேபிக்2 முறையிலேயே தரம் இழக்காத வகையும் உண்டு, அது பாதுகாப்பானது. ஆனால் பிடிஎஃப் செய்யும் மென்பொருளில் 'மிகச் சிறிய கோப்பு' என்ற பொத்தானை அழுத்தும்போது உள்ளே எது ஓடுகிறது என்று நமக்குத் தெரிவதில்லை. அதனால் எளிய விதி: ஸ்கேனரே நேராக பிடிஎஃப் செய்து கொடுப்பதை ஏற்காதீர்கள். பக்கத்துக்கு ஒரு டிஃப் கோப்பு வாங்குங்கள். அதை மூலம் என்று பெயரிட்டு, யாரும் எழுத முடியாதபடி பூட்டி வையுங்கள். நேராக்குவது, ஓரம் வெட்டுவது, சுருக்குவது எல்லாம் அதன் நகலில் மட்டும். பக்கங்களைப் பிரித்து நேராக்க ஸ்கேன்டெய்லர், எழுத்துணரி அடுக்கோடு பிடிஎஃப் செய்ய ஓசிஆர்மைபிடிஎஃப். இரண்டும் இலவசம், இரண்டுமே தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்பவை.

முதுகை வெட்டலாமா என்று கேட்டீர்கள். நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்த கேட்லாக்கை வெட்டவே வேண்டாம். பின்னின் காலை நிமிர்த்தி எடுத்தால் தாள்கள் தாமாக விரியும். வேலை முடிந்ததும் அதே ஓட்டையில் திரும்பக் கோக்கலாம். பசை போட்டு ஒட்டிய தடித்த கேட்லாக்தான் தர்மசங்கடம். என் அளவுகோல்: அதே பதிப்பின் வேறு பிரதி உலகில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் வெட்டலாம். ஒன்றே ஒன்று என்றால் வெட்டக் கூடாது. வெட்டினால் தாளூட்டி ஸ்கேனரில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வெட்டாவிட்டால் மேசை ஸ்கேனரில் இரண்டு வாரம். அந்த ஆசை எல்லோருக்கும் வரும், தெரிந்தே எச்சரிக்கிறேன்.

வெட்டுவது என்று முடிவானால் அச்சகத்தில் இருக்கும் வெட்டும் இயந்திரத்தில் கொடுங்கள். வீட்டுக் கத்தியில் வெட்டினால் நானூறாவது பக்கத்துக்குள் கோணிவிடும். கோணுகிற இடத்தில்தான் உள்பக்க விலைப் பத்தி இருக்கும். வெட்டுவதற்கு முன் உள் ஓரத்தில் அச்சு எவ்வளவு நெருக்கமாக வந்திருக்கிறது என்று ஐந்தாறு இடத்தில் திறந்து பாருங்கள். தாளூட்டியில் இரண்டு தொல்லை. ஒன்று, இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போவது. அதற்கு, முடிந்ததும் கோப்புகளை எண்ணி அச்சிட்ட பக்க எண்ணோடு ஒப்பிட வேண்டும். இன்னொன்று, கண்ணாடியில் ஒரு தூசு உட்கார்ந்தால் அடுத்த எல்லாப் பக்கத்திலும் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு விழும். பழைய தாள் தூளாக உதிரும் என்பதால் ஐம்பது பக்கத்துக்கு ஒருமுறை கண்ணாடியைத் துடையுங்கள்.

வெட்டாமல் எடுப்பதென்றால் ஸ்கேனரின் வகையைக் கவனியுங்கள். மெலிதான, யூஎஸ்பி கம்பியிலேயே மின்சாரம் எடுக்கும் ஸ்கேனர்களில் இருப்பது சிஐஎஸ் உணரி. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பகுதி மட்டுமே அதற்குத் தெளிவாகத் தெரியும். நடு மடிப்பில் தாள் சில மில்லிமீட்டர் தூக்கினாலே எழுத்து மங்கிவிடும். பழைய, தடியான சிசிடி வகை ஸ்கேனர்களுக்கு அந்த ஆழம் உண்டு. பழைய பொருள் கடையில் யாரும் சீந்தாமல் கிடப்பது இந்த வேலைக்கு மேலானது. புத்தகத்தைப் பாதி மட்டும் திறந்து வைத்து இரண்டு கேமராவால் எடுக்கும் வி வடிவத் தொட்டில்களும் உண்டு, மரத்தில் நீங்களே செய்யலாம். நாற்பது கேட்லாக்குக்கு அது கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம். நானூறு வரும் என்றால் செய்யுங்கள்.

பெயரிடும் முறையை முதல் கேட்லாக்குக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். கடைப்பெயர், ஆண்டு, மாதம், பதிப்பு எண், பக்கம் என்ற வரிசை. பக்க எண்ணுக்கு நான்கு இலக்கம், 0001 என்று. இல்லாவிட்டால் கணினி 1க்கு அடுத்து 10ஐக் கொண்டுவந்து வைக்கும். ஆண்டு விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. அட்டையில் 1978 என்று போட்ட கேட்லாக் பெரும்பாலும் 1977இன் இறுதியிலேயே வாடிக்கையாளர் கைக்கு வந்திருக்கும், பஞ்சாங்கம் மாதிரி. "இந்தச் சிப் எப்போது விற்பனைக்கு வந்தது" என்று தேடுகிறவருக்கு அந்தச் சில மாதம் முக்கியம். அதனால் அட்டையில் இருக்கும் ஆண்டுக்கு ஒரு இடம், உள்ளே எங்காவது பொடியாக இருக்கும் அச்சிட்ட தேதிக்கோ 'இந்த விலை இன்ன தேதி வரை' என்ற வரிக்கோ இன்னொரு இடம். ஊகம் என்றால் ஊகம் என்று எழுதுங்கள்.

இன்னொரு பிரதியிலிருந்து காணாமல் போன பக்கத்தை வாங்கி ஒட்டும்போதும் கவனம் வேண்டும். கூப்பன் வெட்டிய பக்கம், கிழித்தெடுத்த ஆர்டர் படிவம் என்று எல்லாக் கேட்லாக்கிலும் ஓட்டை இருக்கும். ஒரே அட்டையோடு, உள்ளே விலை மட்டும் மாறிய இரண்டு அச்சுகள் வந்திருக்கலாம். கடன் வாங்கிய பக்கம் எது என்று குறிப்பில் எழுதாவிட்டால் நாளைக்கு அது உண்மையான பக்கமாகிவிடும்.

எழுத்துணரிக்கு வருவோம். டெசராக்ட் 1980களின் நடுவில் ஹ்யூலட் பேக்கர்டில் பிறந்து, 2005இல் திறந்த மூலமாகி, பிறகு கூகுள் ஆதரவில் வளர்ந்தது. நாவலின் பக்கத்தைக் கொடுத்தால் அற்புதமாகப் படிக்கும், ஏனென்றால் அதற்கு மொழி தெரியும். ஒரு எழுத்து தவறினாலும் சொல்லை ஊகித்துவிடும். கேட்லாக்கில் சொல் ஏது? 276-1723 என்பதை 276-1728 என்று படித்தாலும் அதற்கு எந்த உறுத்தலும் இருக்காது. ஓம் குறியை ஆங்கில எழுத்து என்று எடுத்துக்கொள்ளும், அல்லது பூஜ்யம் என்று. மைக்ரோ குறியை யூ என்றோ பி என்றோ படிக்கும். மைக்ரோவுக்குப் பதில் பிகோ என்றால் பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். 0.01 என்பதில் புள்ளி பறந்துவிடும்.

இதைப் பிடிக்க எண்ணின் வடிவமே உதவும். ஒவ்வொரு கடைக்கும் பொருள் எண்ணுக்கு ஒரு சட்டகம் உண்டு: மூன்று இலக்கம், சிறு கோடு, மூன்று அல்லது நான்கு இலக்கம் என்பது போல. எழுத்துணரி தந்த வரிகளை அந்தச் சட்டகத்தில் போட்டுச் சலித்தால், எழுத்து கலந்த எண், இலக்கம் குறைந்த எண் எல்லாம் தனியே வந்து விழும். ரெசிஸ்டர் பக்கம் என்றால் இன்னும் நல்லது. சாதாரண 10 சதவீத ரெசிஸ்டர்களின் மதிப்புகள் 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47 என்று ஒரு நிர்ணயமான வரிசையில்தான் வரும். நடுவில் 37 வந்தால் யாரோ பொய் சொல்கிறார்கள். அடுத்த வருடக் கேட்லாக் இருந்தால் அதே எண்ணை அங்கே தேடி ஒப்பிடலாம். பொருள் எண்கள் பல வருடம் மாறாமல் வரும்.

தரம் எப்படி இருக்கிறது என்று பார்க்க நான் செய்வது மிகச் சாதாரணமான சோதனை. காகிதக் கேட்லாக்கைக் கண்ணை மூடிக்கொண்டு பத்து இடத்தில் திறந்து, விரல் பட்ட பொருளின் எண்ணைக் குறித்துக்கொள்வேன். பிறகு பிடிஎஃபில் அந்தப் பத்து எண்ணையும் தேடுவேன். ஒன்பது கிடைத்தால் சரி. ஆறுதான் கிடைக்கிறது என்றால் எழுத்துணரியை வேறு அமைப்பில் ஓட்ட வேண்டும், அல்லது ஆள் உட்கார வேண்டும்.

எண் சரியாக இருந்தும் தேடல் தோற்கும் இடம் ஒன்று உண்டு: பழைய பெயர்கள். 1950களின் கேட்லாக்கில் கெப்பாசிட்டர் என்று தேடினால் பாதிதான் கிடைக்கும், மீதி கண்டென்சர் என்று இருக்கும். மைக்ரோஃபாரட் என்பதை எம்எஃப்டி என்று போட்டிருப்பார்கள். இன்று பிகோஃபாரட் என்பது அன்று மைக்ரோமைக்ரோஃபாரட், சுருக்கி எம்எம்எஃப். இந்த இரண்டையும் குழப்பினால் மறுபடி அந்தப் பத்து லட்சம். ஹெர்ட்ஸ் என்ற அலகு 1960இல்தான் சர்வதேச அளவைமுறைக்குள் வந்தது. அதற்கு முந்தைய கேட்லாக்கில் சைக்கிள், கிலோசைக்கிள், மெகாசைக்கிள். அமெரிக்கர் டியூப் என்பதை பிரிட்டிஷார் வால்வு என்பார்கள். உங்கள் மாமா இதையெல்லாம் சாப்பாட்டுக்கு நடுவில் மாற்றிச் சொல்லியிருப்பார். கணினிக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதற்காக அச்சில் இருப்பதைத் திருத்திவிடாதீர்கள். அட்டவணை போடும்போது இரண்டு பத்தி வையுங்கள். ஒன்றில் அச்சில் உள்ளபடி, எழுத்துப் பிழை உட்பட. இன்னொன்றில் இன்றைய பெயரும் அலகும். தேடல் இரண்டாவதில் நடக்கட்டும், சாட்சி முதலாவதில் இருக்கட்டும். எல்லாப் பக்கத்துக்கும் இப்படிச் செய்ய ஐந்து பேருக்கு ஆயுள் போதாது. டிரான்சிஸ்டர், ஐசி, டிரான்ஸ்ஃபார்மர் பக்கங்களில் தொடங்குங்கள். ஆன்டெனா கம்பமும் ஸ்பீக்கர் பெட்டியும் காத்திருக்கும்.

இனி ஆட்கள். இந்த மாதிரித் திட்டங்கள் ஸ்கேனர் கெட்டுப்போய் நிற்பதை நான் பார்த்ததில்லை. முதல் மாதத்தில் எல்லோரும் ஸ்கேன் செய்வார்கள், ஏனென்றால் அது சுகமான வேலை, பழைய படங்களைப் பார்த்துக்கொண்டே செய்யலாம். மூன்றாம் மாதம் பெயரிடாத ஆறாயிரம் கோப்புகள் ஒருவருடைய வன்தட்டில் கிடக்கும், அவருக்கு வேலை மாற்றல் வந்துவிடும். அதனால் ஐந்து பேரில் இரண்டு பேர் மட்டும் ஸ்கேன் செய்யட்டும். ஒருவர் பெயரிடுதலும் பட்டியலும். அவர் பிடிவாதக்காரராக இருப்பது நல்லது. மற்ற இருவர் சரிபார்ப்பு. ஒரு கேட்லாக் முழுதாக முடிந்து வெளியே போகும்வரை இரண்டாவதைத் தொடாதீர்கள்.

சரிபார்ப்புக்கு நல்ல முன்மாதிரி 2000இல் தொடங்கிய டிஸ்ட்ரிபியூட்டட் புரூஃப்ரீடர்ஸ் என்ற இணையத் தன்னார்வலர் குழு. அங்கே புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் மறுபடி பார்ப்பார். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் பார்த்தாலும் போதும் என்பதால் ஆட்கள் ஓடிவிடுவதில்லை. நீங்களும் பக்கம் பக்கமாகவே கொடுங்கள். "இந்த டிசம்பருக்குள் இந்தக் கேட்லாக்" என்று கொடுத்தால் அந்த ஆளையே பார்க்க முடியாது.

வெளியாள் யாராவது தம் கேட்லாக்கை இரவல் கொடுத்தால் ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள்: திரும்ப வேண்டுமா, வெட்டலாமா, பெயர் போடலாமா. வாய்வார்த்தையாக "நீங்க பார்த்துச் செய்யுங்க" என்று சொன்னவர், வெட்டிய தாள்களைப் பார்த்ததும் முகம் மாறுவதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். போதும்.

பதிப்புரிமை. கடை மூடிவிட்டது என்பதால் உரிமை ஆவியாகிவிடாது. அது யாரோ வாங்கிய சொத்துக்களில் ஒன்றாக எங்கோ கிடக்கும். ஆனால் நாட்டுக்கு நாடு விதி வேறு. அமெரிக்காவில் 1964க்கு முன் வெளியானவற்றுக்கு 28ஆம் ஆண்டில் உரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும். போன வருட விலைப்பட்டியலை மெனக்கெட்டுப் புதுப்பித்த கடைகள் குறைவு. அதே நாட்டில் 1978க்கு முன் பதிப்புரிமை அறிவிப்பே இல்லாமல் வெளியிட்டவையும் பொதுவில் வந்துவிட்டன. அதனால் முதல் இரண்டு பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் அந்த வட்டத்துக்குள் சி எழுத்து இருக்கும் குறியைத் தேடிக் குறித்து வையுங்கள். மற்ற நாட்டுக் கேட்லாக்குகளுக்கு அந்தந்த நாட்டுச் சட்டம். நிறுவனம் வெளியிட்ட, ஆசிரியர் பெயரற்ற படைப்புக்குப் பிரிட்டனில் வெளியீட்டிலிருந்து 70 ஆண்டு, இந்தியாவில் 60 ஆண்டு.

இன்றும் உயிரோடு இருக்கும் கடை என்றால் ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்பதே நல்லது. பெரும்பாலும் சந்தோஷமாகச் சரி என்பார்கள், அல்லது பதிலே வராது. பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்தக் கேட்லாக்கின் படங்களை வெளியிடாமல், நீங்கள் தொகுத்த அட்டவணையை மட்டும் வெளியிடலாம். பொருள் எண், விலை, வோல்ட் எல்லாம் வெறும் தகவல்கள். தொலைபேசிப் புத்தகத்தில் உள்ள பெயரும் எண்ணும் பதிப்புரிமைக்குள் வராது என்று 1991இல் ஃபைஸ்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐரோப்பாவில் மட்டும் தரவுத்தளத்துக்கென்று தனியாக 15 ஆண்டு உரிமை ஒன்று உண்டு, ஆனால் உங்கள் கேட்லாக்குகளுக்கு அந்த வயதெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. நான் வக்கீல் அல்ல. பெரிய அளவில் போகும்போது ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேமிப்பைப் பற்றிச் சுருக்கமாக: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு வீட்டில். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 கைரேகையை, அதாவது கோப்பில் ஏதாவது மாறினால் தானும் மாறிவிடும் ஒரு நீண்ட எண்ணை, கணக்கிட்டு ஒரு பட்டியலாக வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டால் எந்தக் கோப்பு சத்தமில்லாமல் கெட்டது என்று தெரிந்துவிடும். காகிதத்துக்கு செலோடேப், ரப்பர் பேண்ட், லேமினேஷன் மூன்றும் எமன்.

இப்போது பென்சில். மாமா போட்ட டிக் அந்தப் பக்கத்தின் மேல் படிந்த அழுக்கு அல்ல. நூற்றுக்கணக்கான டிரான்சிஸ்டர்களில் ஒரு பட்டறைக்காரர் உண்மையில் எவற்றை வாங்கினார் என்பது எந்தக் கேட்லாக்கிலும் அச்சாவதில்லை. அவர் திருத்திய விலை, கடை பாதியில் விலையை ஏற்றியதற்கோ இறக்கியதற்கோ மிஞ்சியிருக்கும் ஒரே தடயமாக இருக்கலாம். 600 டிபிஐ வண்ணத்தில் பென்சில் தன் சாம்பல் மினுமினுப்போடு அச்சிலிருந்து தனியாகத் தெரியும். இரட்டை நிறத்தில் எடுத்தால் அது மறைந்துபோகும், அல்லது அச்சோடு ஒட்டிக்கொண்டு 1 என்பதை 4 ஆக்கும். எழுத்துணரி தடுமாறும் பக்கங்களில் கையால் திருத்திக்கொள்ளுங்கள். அட்டவணையில் மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்து, 'கையெழுத்துக் குறிப்பு' என்று பெயர் வைத்து, அதில் எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் மறைக்க வேண்டும். அட்டையில் ஒட்டிய முகவரிச் சீட்டு, பாதி நிரப்பி அனுப்பாமல் விட்ட ஆர்டர் படிவம், இவற்றில் பெயரும் வீட்டு விலாசமும் இருக்கும். மூலத்தில் அப்படியே விட்டு, வெளியிடும் நகலில் மட்டும் ஒரு சாம்பல் கட்டம் போட்டு மூடுங்கள். படிவத்தில் அவர் கேட்டிருந்த பொருள்களின் பட்டியல் வெளியே தெரியட்டும்.